முழு மார்க் வாங்க வந்தவரும் ஸ்டாப்வாட்ச் அக்காவும்

எங்கள் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் மனநலப் பிரிவில் ஸ்டாப்வாட்ச் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அடையாள அட்டையில் உளவியலாளர் என்றிருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச்தான் பிள்ளைகள் கண்ணில் படுகிறது. ஒரு பிள்ளை கட்டைகளை அடுக்கி முடிக்க எத்தனை வினாடி எடுத்தது என்று பிசகாமல் சொல்வார். தன் டீ எப்போது ஆறிப்போனது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். ஒன்பது கட்டைகளில் ஒன்று தினமும் தொலையும். அதைத் தேடி அவர் பெஞ்சுக்கடியில் தவழ்வதைப் பார்த்தால், யாருக்கு வைத்தியம் என்று புதிதாக வருபவர்கள் குழம்பிப் போவார்கள்.

நான் டோக்கன் கொடுப்பவன். என் மேஜைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவே ஒரு ப்ளைவுட் தடுப்பு மட்டும்தான். காதில் விழுவதை வெளியே சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. இது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்காவுக்கு இந்தக் கட்டடத்தில் ஒரே எதிரி, அவர் கதவில் மாட்டியிருக்கும் ‘பரிசோதனை அறை’ என்ற போர்டு. அதைக் கழற்றச் சொல்லி ஆபீசுக்கு நான்கு கடிதம் எழுதினார். நான்காவதுக்குப் பலன் கிடைத்தது: அதே வாசகத்தோடு இன்னும் பெரிய போர்டு வந்தது.

“பரிசோதனைன்னு பாத்தா பாஸ் பண்ணத்தான் வருவாங்க தம்பி,” என்று என்னிடம் புலம்புவார். “பாஸை வச்சுகிட்டு நான் என்ன பண்றது? எனக்கு வேண்டியது நெஜம்.”

அப்படிப் பாஸ் பண்ணவே ஒருவர் வந்தார். கணக்கு ட்யூஷன் வாத்தியார். கூடப் பதின்மூன்று வயது மகள். பரீட்சையில் அந்தப் பெண் இரண்டு கேள்விக்கு மேல் எழுதுவதில்லை. எழுதியதை அழிப்பாள், திரும்ப எழுதுவாள், மறுபடி அழிப்பாள், மணி அடித்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தால் வருஷக் கடைசிப் பரீட்சையில் கூடுதல் நேரம் தருகிறோம், இல்லாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். வாத்தியார் காதில் கடிதம் என்பது மட்டும்தான் விழுந்தது. ‘பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை’ என்று ஒரு கடிதம் வாங்கிப் பள்ளிக்கூடத்தின் வாயை அடைப்பதே அவர் திட்டம்.

முதல் தடவை வந்தபோது இரண்டு ஃபாரம் கொடுத்தனுப்பியிருந்தோம். ஒன்று பெற்றோருக்கு, ஒன்று வகுப்பு டீச்சருக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் ‘இல்லை’, ‘சில சமயம்’, ‘அடிக்கடி’ என்று மூன்று கட்டம். வாத்தியார் நாற்பத்தாறு கேள்விக்கும் ‘இல்லை’யில் டிக் அடித்திருந்தார். ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே நேர்க்கோடு. அத்தோடு விட்டாரா? ஒரு வாரம் மகளை உட்காரவைத்து நாற்பத்தாறையும் கரைத்துப் புகட்டியிருந்தார். தொழில் புத்தி எங்கே போகும்?

இரண்டாம் தடவை வந்தபோது வாத்தியாரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அக்கா வரிசையாகக் கேட்காமல் நடுவிலிருந்து ஆரம்பித்தார்.

“செஞ்ச வேலையவே திரும்பத் திரும்பச் செய்யணும்னு தோணுமா கண்ணு?”

“அது பன்னண்டாவது மிஸ். முதல்லேர்ந்து கேளுங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா முதலிலிருந்து கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘இல்ல’. பன்னிரண்டு வந்தது.

“இல்ல,” என்றாள் பெண். பிறகு, “சரியா சொன்னேனா மிஸ்? இன்னொரு தடவ கேளுங்க.”

கேட்டார். “இல்ல. சரியா வரல மிஸ். இன்னொரு தடவ.”

ஐந்தாவது தடவை என் சிரிப்பு போய்விட்டது. ஒன்பதாவது தடவை, சிரித்ததற்காக என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது. அக்கா குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“சரியா சொல்லாட்டி என்ன ஆகும்மா?”



“அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்,” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அரை மணி கழித்து அக்கா மட்டும் வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த வாத்தியார் எழுந்து, “எல்லாம் கரெக்டா சொன்னாளா மேடம்?” என்றார்.

“ரொம்ப கரெக்டா சொன்னா சார். ஒரு கேள்விக்கு மட்டும் ஒம்போது தடவ. தப்பா சொன்னா உங்களுக்கு ஏதாவது ஆயிடுமாம். அவகிட்ட கேட்டுட்டுத்தான் இத உங்ககிட்ட சொல்றேன்.”

வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“டீச்சர் ஃபாரத்தையும் உங்க ஃபாரத்தையும் பக்கத்துல வச்சா ரெண்டு வேற பொண்ணு மாதிரி இருக்கு,” என்றார் அக்கா. “டாக்டர் எந்தப் பொண்ணுக்கு வைத்தியம் பாப்பாரு? கஷ்டம் இருக்குன்னு அவர் எழுதினாத்தான் கூடுதல் நேரமும் கிடைக்கும்.”

“எழுதிட்டா அது காலத்துக்கும் நிக்குமே மேடம்.”

“எழுதலன்னா இந்தக் கஷ்டம்தான் சார் நிக்கும். வைத்தியம் பண்ணா கொறையும்.” ஒரு வெற்று ஃபாரத்தை நீட்டினார். “இந்தத் தடவ நல்லா பெயிலாகற மாதிரி எழுதுங்க.”

வாழ்நாளில் யாரும் அவரிடம் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். முதல் பக்கம் முடிக்கவே வெகுநேரமானது. அதற்குள் முகம் கழுவிக்கொண்டு பெண்ணும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மறைக்கப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். ‘எதையாவது திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதுண்டா?’ என்ற கேள்விக்கு ‘அடிக்கடி’யில் டிக் அடித்து, ஓரத்தில் ‘வாசல் கதவு, தினம் பத்து தடவை’ என்று எழுதினார்.

பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பத்து இல்லப்பா,” என்றாள். “நாப்பது. நீங்க குளிக்கப் போறப்ப எல்லாம் போய்ப் பாப்பேன்.”

வாத்தியார் பத்தை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார்.

“அடுத்தத நீ சொல்லும்மா,” என்றார். “நான் எழுதறேன்.”