மாரக்காளின் ராசாங்கத்து இங்கிலீஷ்

கோட்டைக் கரடு என்கிற குன்றுக்குப் போனவர்கள் யாராயிருந்தாலும் மாரக்காளின் குரலைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தும்போதே மேல்வாசலிலிருந்து "மோரு வேணுமாங்க, மோரூ!" என்று காதைப் பிளக்கும். புதுசாக வருகிறவர்கள் மேலே ஏதோ சண்டை நடக்கிறதென்று நினைத்துக்கொள்வார்கள். சண்டையாவது ஒன்றாவது! இருபத்திரண்டு வருஷம் விசைத்தறிக்கு நடுவில் நின்ற பொம்பளை அப்படித்தான் பேசுவாள். வெண்ணந்தூர்ப் பக்கம் தறி ஓடுகிற வீட்டுக்குள் ஒருதரம் நுழைந்து பாருங்கள், அப்புறம் அவளைக் குறை சொல்லுங்கள்.

அந்தத் தறிதான் அவள் காதைத் தின்றது. வலது காது சுத்தமாகப் போச்சு, இடது காதில் பாதிதான் மிச்சம். "இன்னும் ரெண்டு வருசம் தறிகிட்ட நின்னீங்கன்னா இதுவும் போயிரும்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான், வீட்டில் ஓடிய நாலு தறியையும் புருஷன் கந்தவேல் தலையில் கட்டிவிட்டு மோர்ப்பானையோடு கரட்டில் ஏறினாள். அது ஆயிற்று நாலு வருஷம்.

மோர் விற்கப் போனவள் மோரை விற்றுவிட்டுச் சும்மா இறங்கியிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலையே இல்லை. அவள் அப்படிப்பட்ட ஆளில்லை. கோட்டைக்கு நாமக்கல் விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், எப்போதாவது வெள்ளைக்காரர்கள் வருவார்கள், கூடவே இங்கிலீஷில் கதை சொல்ல ஓர் ஆள் வருவான். அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள் மாரக்காள். வாயைத்தான், ஆமாம். தறிக்காரர்களுக்கு அது கைவந்த வித்தை. தறிச்சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. ஆகவே நூல் அறுந்தது, டீ வந்தது, மாமியார் திட்டுகிறாள் என்று சகல சமாசாரமும் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். தமிழுக்குப் பழகிய கண்ணை இவள் இங்கிலீஷுக்கும் பழக்கிவிட்டாள்.

ஒரு வார்த்தை பிடிபட்டதும் போனில் அதைச் சொல்லி அர்த்தம் தேடுவாள். சேலையில் பூ விழுவதற்குத் தறியில் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து மாட்டுவார்களே, அந்த ஜக்கார்டு அட்டையில் கழித்துப் போட்டதை எடுத்து, பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வாள். த்ரோன் என்றால் சிம்மாசனம். டைனஸ்டி என்றால் ராஜவம்சம். சீஜ் என்றால் கோட்டையைச் சுத்தி வளைத்து உட்கார்ந்துகொள்வது. ஏர் என்றால் அடுத்துப் பட்டத்துக்கு வரவேண்டிய பிள்ளை. அந்தப் பிள்ளை குழந்தையாக இருந்தால் அவனுக்குப் பதிலாக ஆளுகிறவர் ரீஜன்ட். இப்படி நூற்றுப்பத்து அட்டை சேர்த்து, கோட்டையில் ஏறுகிற வரிசைப்படி கயிற்றில் கோத்து, இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டாள். நாமெல்லாம் பத்து வருஷம் இங்கிலீஷ் படித்துக் கிழித்த லட்சணம்தான் தெரியுமே! நூற்றுப்பத்து வார்த்தையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அதில் அவளுக்கு உசிரான வார்த்தை அப்டிகேட். யாரும் துரத்தாமல், தானாகவே முடியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போவது. கரட்டை ஆண்ட ஒரு ராசா அப்படித்தான் தம்பி கையில் முடியைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனதாக ஊரில் கதை. "அதுக்குன்னு தனியா ஒரு வார்த்தை வெச்சிருக்கான் பாருங்க!" என்று கந்தவேலிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அந்த மனுஷனுக்கு எதற்கு இந்த ராசா கதையெல்லாம்? நாலு தறியை ஒற்றை ஆளாக ஓட்டி முதுகு ஒடிந்து கிடந்தார்.

அதுதான் விஷயம். அவரால் இனி முடியாது. இந்த ஆடியோடு மாரக்காள் தறிக்குத் திரும்பியாக வேண்டும், அல்லது தறிக்கு ஆள் வைக்கிற அளவுக்கு, மோரைவிட உருப்படியாக வேறு வருமானம் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. தறிக்குத் திரும்பினால் இருக்கிற அரைக்காதும் போகும். அந்தச் சமயத்தில்தான் சேலத்திலிருந்து குமாரசாமி வந்தார். இளம்பிள்ளை ஊருக்குப் போய்ச் சேலை நெய்வதைக் காட்டி, அப்படியே கோட்டைக் கரட்டுக்கும் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டி வருகிற சுற்றுலா கம்பெனி அவருடையது. இங்கே நிரந்தரமாக ஒரு கைடு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசவைத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலையில் தறிக்கு வந்துவிடுவதாகப் புருஷனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மாரக்காளும் பேர் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் மதியழகன், வரலாற்றில் எம்.ஏ. இன்னொருத்தி நம் மாரக்காள். குமாரசாமியும் அவர் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற அபிநயாவும் பின்னாலேயே ஏறினார்கள். மதியழகன் முதலில் பேசினான். வருஷம் தேதியெல்லாம் சுத்தம், இங்கிலீஷும் நல்ல இங்கிலீஷ்தான். ஆனால் அன்றைக்கு அடித்த ஆடிக்காற்று பாவம் அவன் பேச்சை அவன் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று. அடுத்து மாரக்காள் பேசினாள். முதல் வாசலில் சீஜ், களஞ்சியத்தில் பஞ்சத்துக்கு ஃபேமின், மேடையில் முடிசூட்டுக்குக் கொரொனேஷன் என்று அட்டை அட்டையாக உருட்டினாள். குமாரசாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். இடையில் அவர் பின்னாலிருந்து என்னமோ கேட்டார். அது அவள் காதில் விழவே இல்லை, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போய்விட்டாள். அங்கேதான் வந்தது வினை.

உச்சியில் ஒரு பெரிய சுனை. மாரக்காள் இந்தக் கரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அந்தக் கரையில் முப்பது நாற்பது அடி தள்ளி குமாரசாமி அபிநயாவிடம் தணிந்த குரலில் பேசினார். யாருக்கும் கேட்காதென்று அவர் நினைப்பு. மாரக்காளின் கண் தன்னையறியாமல் அவர் உதட்டுக்குப் போயிற்று.

"சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா செவிட்டுப் பொம்பளைய வெச்சுக்கிட்டு என்ன பண்றது? வெள்ளைக்காரன் கேள்வி கேட்டா முழிக்கும். மனசு நோகாம, அப்புறம் போன் பண்றோம்னு சொல்லி அனுப்பிரு."

 மாரக்காளுக்கு அழுகை வந்தது. அப்படியே மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இறங்கினால் நாளைக்கு விடிந்ததும் தறி. எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டு, சுனையைச் சுற்றி நேரே அவரிடம் போனாள்.

"ஏனுங்க, அப்புறம் போன் பண்றோம்னு எல்லாம் சொல்ல வேண்டாங்க. நேராவே சொல்லிப்போடுங்க. செவிடுன்னீங்க, அது நெசந்தானுங்க. முழிக்கும்னீங்க பாருங்க, அதுதான் பொய்யி."

குமாரசாமிக்கு முகம் வெளிறிப்போயிற்று. "உங்களுக்கு... உங்களுக்கு எப்படிங்க கேட்டுச்சு?"

"கேக்கலீங்க. பாத்தேன்." மாரக்காள் அபிநயா பக்கம் திரும்பினாள். "சாமி, நீ அக்கட்டாலே போயி நில்லு. இங்கிலீஷ்ல என்னத்த வேணும்னாலும் கேளு. சத்தம் வரப்படாது, வாயி மட்டும் அசையோணும்."

அபிநயா குமாரசாமியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அந்தப் பெண் சுனையின் எதிர்க்கரைக்கு ஓடிப்போய், காற்றில் பறந்த துப்பட்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தாள். மாரக்காள் பக்கத்திலேயே நின்ற குமாரசாமிக்கும் மதியழகனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மாரக்காள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இன்னொருக்கா கேளு சாமி" என்றாள். அபிநயா திரும்பவும் அசைத்தாள்.

"ஆஃப்டர் த கிங் டைட், குயீன் ரூல்ட், மேடம்!" மாரக்காளின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. "ஏர் ஒன்லி ஃபோர் இயர்ஸ்! குயீன் ரீஜன்ட்! செவன் மன்த்ஸ் சீஜ், நோ சர்ரெண்டர்!"

அந்தக் கரையிலிருந்து அபிநயா கைதட்டினாள். "ராஜா செத்ததுக்கப்புறம் யார் ஆண்டாங்கன்னுதான் சார் கேட்டேன்!" என்று அவள் கத்தியது காற்றில் பாதிதான் வந்து சேர்ந்தது. இன்னும் நாலு கேள்வி கேட்டாள். மூன்றுக்கு மாரக்காள் பதில் சொன்னாள். நாலாவது பிடிபடவில்லை, "தெரியலீங்க" என்று மறைக்காமல் சொன்னாள்.

மதியழகனைச் சும்மா சொல்லக்கூடாது, நல்ல பையன். "சார், நான் சொன்னது உங்களுக்கே கேட்டிருக்காது" என்றான். "இந்தக் காத்துல முப்பது பேருக்குக் கேக்கற மாதிரி பேச அக்காவால மட்டுந்தான் முடியும்."

 குமாரசாமி மாரக்காளுக்கு நேர் எதிரே வந்து, அவள் பார்க்கும்படி முகத்தை வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அடுத்த சனிக்கிழமை முதல் வண்டி வருதுங்க. வந்துருங்க. நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

மாரக்காள் கரட்டை எப்படி இறங்கினாள், வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. உள்ளே நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. கந்தவேல் தலை நிமிர்ந்தார். வாசற்படியில் நின்றபடியே அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்: கெடச்சிருச்சுங்க.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்த மனுஷன் ஒரு காரியம் செய்தார். கரண்டு போனாலொழிய நட்டநடுப்பகலில் நிறுத்தாத தறிகளை, ஒவ்வொன்றாகப் போய் நாலையும் நிறுத்தினார். வீடே கம்மென்று ஆயிற்று.

"இப்பச் சொல்லு புள்ள. வாயத் தொறந்து சொல்லு, உங்காதுலயும் உளுவட்டும்."

 இருபத்தாறு வருஷமாக இடுப்பிலேயே கிடந்த நூல் கத்தரியை, தறியை விட்ட பிறகும் கழற்ற மனம் வராமல் வைத்திருந்ததை, மாரக்காள் அவிழ்த்து அவர் கையில் வைத்தாள்.

"அப்டிகேட் பண்ணிட்டேனுங்க" என்றாள்.

அந்தச் சத்தத்துக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர்கள்கூடத் தெருவுக்கு வந்து பார்த்தார்கள்.