தண்ணீர் பாட்டிலை மறந்த ஞாயிறு

குளத்தை ஒரு சுற்று சுற்றி வர எனக்கு இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு எட்டு வைக்க வேண்டும். இன்று காலை அறுநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. நடைபாதையோரம் ஒரு பெண் நாற்காலி போட்டு, வாட்டர் கலரில் குளத்தை வரைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. உங்க நெழலு பேப்பர்ல உழுகுது."

தள்ளிக்கொண்டேன். அவர் காலடியில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள். தூரிகை கழுவ ஒன்று, வண்ணம் குழைக்க ஒன்று. அவர் வயதில் எனக்கு ஒன்றைக் கொண்டுபோகக்கூடத் துப்பில்லை.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில், பேக்கிங்கில் பீஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். டிசைன் ரூமில் ஒரு நாற்காலி காலியானது. படம் ஒன்று வரைந்து காட்டுங்கள், பார்க்கலாம் என்றார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை இதே குளத்துக்கு வந்தேன். கூட அந்தோணி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், கட்டிங்கில் வேலை. காகிதத்தை விரித்த பிறகுதான் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது.

"குளம் நெறய தண்ணிய வச்சிக்கிட்டு பாட்டிலத் தேடுதியேல!" என்றான் அந்தோணி.

குளத்திலேயே தூரிகையை நனைத்தேன். எதிர்க்கரையில் பதினோரு பனை. ஈரம் காயுமுன் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் நேராகக் கீழே இழுத்து நிழலாக்கினேன்.

"மேல பதினொண்ணு, கீழ பத்து. ஒண்ண எங்கல?"

"அங்க தண்ணில எருமை நிக்குதுடா."

படம் காய்ந்ததும் வானத்திலும் நீரிலும் மெல்லிய ரோஜா நிறம் படர்ந்திருந்தது. நான் சிவப்பைத் தொடவே இல்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் குளத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. எந்தக் கலருக்கு ஆர்டர் ஓடுகிறதென்று தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கோ அது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது.

முதலாளி படத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. "ஏனுங்க தம்பி, இந்த வெடியக்கால நெறத்த எப்புடீங்க கொண்டாந்தீங்க? இதுக்குச் சோடியா இன்னொண்ணு போட்டுக் கொண்டாங்க. அந்தச் சேர் உங்களுக்குத்தான்."

அடுத்த ஞாயிறு குளம் கரும்பச்சையாகக் கிடந்தது. வீட்டில் உட்கார்ந்து இருபத்து மூன்று முறை கலக்கிப் பார்த்தேன். இருபத்து மூன்றும் மிட்டாய்க் கடை நிறம். திங்களன்று வெறுங்கையோடு போய் நின்றேன்.

"அது நான் கலக்குன நெறமில்லீங்க. குளத்துத் தண்ணீங்க. அந்த வாரம் நம்ம டையிங் பட்டறைல ரெட் ஓடுச்சுங்களே."

அவர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். "வேற யாருக்காச்சும் தெரியுமுங்களா?"

"அந்தோணிக்கு மட்டுமுங்க."

"செரி. நீங்க பேக்கிங்கையே பாருங்க."

"பொய் சொல்லத் தெரியாத பயலுக்கு கலர்ப் பெட்டி எதுக்குல?" என்று அந்தோணி ஒரு வாரம் திட்டினான். அதன் பிறகு முப்பத்தொரு வருடம் பீஸ் எண்ணினேன். அந்தப் படத்தை மறுபடி பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போன அந்தோணியும் இப்போது இல்லை.

இன்று சாயத் தண்ணீர் இங்கே வருவதில்லை. பனைகள் இருந்த கரையில் சிமெண்ட் பெஞ்சுகள், ஒன்பது. அந்த ரோஜா நிறம் இந்தக் குளத்துக்கு இனி வராது, வரவும் கூடாது. இருந்தும் விடியற்காலையில் கண் அதைத் தேடுகிறது. தேடும்போதெல்லாம் இன்னொன்றும் ஞாபகம் வந்துவிடுகிறது. பனைகளை எண்ணிக்கொண்டிருந்த அன்றைக்கு, என் காலடியில் மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தன. அவற்றை நான் எண்ணவில்லை.