பந்தியை வெட்டினால் இறால் கொட்டகை

மூன்று மணி நேரக் கல்யாணத்தைக் காப்பி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும், இதுதான் வீடியோத் தொழிலின் முதல் கொடுமை. இரண்டு டெக்கை ஒயரால் இணைத்து, இதில் ஓடுவதை அதில் பதிவு செய்துகொண்டு, யாரோ ஒருவரின் மாமனாருக்கு யாரோ சந்தனம் பூசுவதை உட்கார்ந்து பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

நான் பத்தாவதில் கணக்கில் போனவள். மறுபடி எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். ஆறு மாதம் இறால் கொட்டகையில் தோல் உரித்தேன். ஐஸில் விரல் மரத்து நகக்கண் எல்லாம் புண். பழவேற்காடு பஜாரில் வீடியோக் கடை வைத்திருக்கும் மாமாதான் கூப்பிட்டார். அவர் கேமராவோடு போய்ப் படம் பிடிப்பார். வெட்டுவது, ஒட்டுவது, வெளியூருக்கு அனுப்பக் காப்பி போடுவது எல்லாம் நான். சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "உனக்கு இருப்பு கொள்ளாதுன்னு எனக்குத் தெரியும். மூணு புகார் வந்துச்சுன்னா மறுபடி இறால் கொட்டகைதான்."

ஆடிய நிக்காஹ்

பஜாருக்குப் பின்தெரு ஜமீலா மாமி, கணவர் மலேசியாவிலிருந்து வாங்கி வந்த சின்ன ஃபிலிம் கேமராவில், பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு தங்கள் வீட்டு நிக்காஹ்வைத் தானே பிடித்திருந்தார். ரீலில் பூசணம் ஏற ஆரம்பித்ததும், கேசட்டில் ஏற்றிக் கொழும்பில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப வேண்டும் என்றார். முழுக்கப் பெண்கள் பக்கத்துப் படம், அதனால் மாமா வாசலோடு சரி. எல்லாம் என் தலையில்.

சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, அதில் ரீலை ஓட்டி, ஓடுவதை வீடியோ கேமராவால் பிடிக்க வேண்டும். வெளிச்சம் வரக்கூடாதென்று ஜன்னல் எல்லாம் சாத்தியாகிவிட்டது. சித்திரை வெயில். ஐந்து நிமிஷம் பொறுத்தேன். ஆறாவது நிமிஷம் ஃபேனைப் போட்டேன். வேட்டி படபடத்ததை நான் பார்க்கவே இல்லை. கேசட்டில் மணப்பெண், சொந்தக்காரப் பெண்கள், பிரியாணி தேக்சா எல்லாம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. முதல் புகார் மாமியின் வாயால் வந்தது: "ஏண்டி, நாங்க நிக்காஹ்வ வூட்டுல வெச்சோமா, ஏரி நடுவுல தோணியில வெச்சோமா?"

பேசாத பத்து நிமிஷம்

தோணிரேவு செல்லம்மாக்காவின் மகன் துபாயில் வேலை செய்கிறான். தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியவில்லை. கேசட்டின் கடைசியில் அம்மா அவனிடம் நாலு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. மாமா கேமராவை வைத்தார். அக்கா முந்தானையைச் சரிசெய்தார், வாயைத் திறந்தார், மூடினார். பின்னால் ஒரு கோழி போனது, திரும்பி வந்தது. பத்து நிமிஷம் கழித்து, "ராஜா, சாப்டியா?" அவ்வளவுதான்.

நான் பத்து நிமிஷத்தையும் வெட்டிவிட்டு "சாப்டியா"வை மட்டும் வைத்தேன். நல்ல வேலை செய்ததாகவே நினைத்தேன். அக்கா கேசட்டை டி.வி. இருக்கிற வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். திரும்பச் சேர்க்கவும் வழியில்லை. கேசட் விலைக்குப் பயந்து, ஒரு வேலை முடிந்ததும் மாமா படம் பிடித்த ஒரிஜினலை முதலுக்குச் சுற்றி அடுத்த விசேஷத்துக்குக் கொடுத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். அக்கா நின்ற பத்து நிமிஷத்தின் மேல் இப்போது வேறு யாரோ சீர்வரிசை தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். "அதுல நீங்க ஒண்ணும் பேசலயே அக்கா" என்றேன். இரண்டாவது புகார் வந்தது: "நான் பேசலன்னா இன்னா? அவன் என்னிய பார்த்துக்கினு இருப்பான் இல்ல?"

நனைந்த கை

ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பேர். சுண்ணாம்புக்குளம் கன்னியப்பன் ஒரு தடவை அண்ணன் ஏழுமலையின் நாளில் வலை இறக்கிவிட்டார். மூன்று வருஷமாகப் பேச்சில்லை, ஒரே தோணியில் போனவர்கள் தனித்தனி. பகை வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் பகை தீர்ந்தது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. தம்பி மகள் கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார். ஆனால் ஒரு மாதம் கழித்து, "அட்சதை போட வந்தேன், கை நனைக்கல" என்று சாதித்தார். பெரியவர்கள், "கேசட்டப் பார்த்துடலாம்" என்றார்கள். காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் எட்டுப் பேர்.

நாற்பது நிமிஷப் பந்தியை யார் பார்ப்பார்கள் என்று வெட்டியிருந்தேன். கேசட்டில் மிச்சம் ஒரு வாழை இலை, ஒரு அப்பளம். "எங்கண்ணன எங்க காணோம்?" என்றார் கன்னியப்பன். ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். மாமா என்னைப் பார்த்தார். மூக்கில் இறால் வாடை அடித்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் ஒரு காதுகுத்து பிடித்துவிட்டு வந்த மாமா, "மூணு மணி நேர கேசட்டு பாதியிலயே தீந்துடுச்சு, ஏமாத்துறான்" என்று திட்டினார். யாரும் ஏமாற்றவில்லை. இந்தக் கல்யாணத்தின் ஒரிஜினலைப் பந்தி முடிந்த இடத்தில் நிறுத்தியவள், முதலுக்குச் சுற்றப் பொறுமையில்லாமல் அப்படியே கொடுத்திருந்தேன். காதுகுத்து அதற்குப் பிறகுதான் பதிவாகியிருக்கும். பந்தி பத்திரம்!

அந்தக் கேசட்டைப் போட்டு முதலுக்குச் சுற்றினேன். அந்த நாலு நிமிஷம் போல எந்தக் கல்யாணமும் நீண்டதில்லை. ஓடவிட்டேன். ஏழுமலை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சாம்பார் சோற்றைப் பிசைகிறார். பாயசம் வாங்குகிறார். மறுபடி வாங்குகிறார். வாளி தாண்டிப் போனதும் தம்பியைக் கைதட்டிக் கூப்பிட்டு, இலையைக் காட்டுகிறார். கன்னியப்பனே ஓடிவந்து ஊற்றுகிறார். வந்திருந்த பெரியவர்கள் ஆறு பேரும் சிரித்தார்கள். கன்னியப்பன் மட்டும் சிரிக்காமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழுமலை டி.வி.யை முறைத்தார். தம்பி பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சரிடா, நனைச்சேன். நாளைக்கு என் தோணிக்கு வந்து சேரு. ஏ பொண்ணு, அந்த மூணாவது பாயசத்த மட்டும் வெட்டிடு."

இது மூன்றாவது புகாரா இல்லையா என்று மாமா இன்னும் முடிவு செய்யவில்லை, அதுவரைக்கும் நான் எந்தக் கேசட்டையும் முதலுக்குச் சுற்றுவதாக இல்லை.