கரடி என்ற மெயில் சர்வர்

அண்ணனுக்குக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் பெட்டியில் ஒட்டிய பெயரும் சீட்டில் எழுதிய பெயரும் ஒத்துப்போகாவிட்டால் லாரியை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். கைகால் முழுக்க ரோமம் என்பதால் வீட்டில் அவருக்குக் கரடி என்று பெயர்.

தங்கை கம்ப்யூட்டர் படித்தவள். பெரிய கம்பெனிகளின் தயவே வேண்டாம் என்று ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, சொந்தமாக மெயில் வசதி செய்து கொடுக்கக் கிளம்பினாள். முதல் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். சர்வருக்குப் பாசத்தோடு 'கரடி' என்றே பெயர் வைத்தாள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் பெயரில் ஒரு மெஷின் ஓடுவதைக் கிடங்கு முழுக்கச் சொல்லி முடித்தார். வாட்ச்மேனிடம் இரண்டு தடவை.

மெஷின் ஓடியது. மெயில்தான் ஓடவில்லை. டாக்டர் அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. மூன்று நாள் பொறுத்தவர், இன்று ஐந்து மணிக்குள் ஒன்றாவது போய்ச் சேராவிட்டால் பழைய இடத்துக்கே போய்விடுவதாக மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

லீவு போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அண்ணனிடம், தான் எல்லாவற்றையும் சரியாகத்தான் வைத்திருப்பதாகவும், உலகத்திலுள்ள மற்ற சர்வர்கள்தான் சரியில்லை என்றும் தங்கை விளக்கினாள். டிஎன்எஸ் என்பது இணையத்தின் விலாசப் புத்தகம், எந்தப் பெயருக்கு எந்த எண் என்று அதில் பதிந்திருக்கும் என்றாள்.

"அதுல நம்ம மெஷின் என்ன பேர்ல இருக்கு?"

"மெயில்னு, நம்ம டொமைன் பேரோட."

"வெளில போய்த் தன் பேரு என்னன்னு சொல்லுது?"

திரும்பி வந்த மெயில் ஒன்றைத் திறந்து பார்த்தாள். "கரடின்னு."

"எண்ணைக் கொடுத்துத் தேடினா?"

தேடினாள். சர்வரை வாடகைக்கு விட்ட கம்பெனி தன் வழக்கப்படி ஒட்டிவைத்த ஏதோ ஒரு நீளப் பெயர் வந்தது.

அண்ணன் சாய்ந்து உட்கார்ந்தார். "சீட்டுல ஒரு பேரு, பெட்டில ஒரு பேரு, டிரைவர் சொல்றது ஒரு பேரு. நானா இருந்தா கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டேன்மா."

நாலு வருடப் படிப்பு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டது. பிறகு வாடகைக் கம்பெனியின் தளத்துக்குப் போய், எண்ணுக்கு எதிரே மெயில் என்று தொடங்கும் முழுப் பெயரைப் பதிந்தாள். மெஷினின் பெயரை மாற்றும் இடத்தில் மட்டும் கை நின்றது.

"உன் பேரை எடுக்கணும்ணே."

"எடு. கரடி வந்து தட்டினா எவன் கதவைத் திறப்பான்?"

நாலு ஐம்பதுக்கு டாக்டரின் மெயில் போய்ச் சேர்ந்தது. டாக்டரும் பழைய இடத்துக்குப் போகவில்லை.

மறுநாள் கிடங்கு வாட்ச்மேன், அண்ணன் பெயரில் ஓடும் மெஷின் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நேற்றிலிருந்து பிரமாதமாக ஓடுகிறது என்றார் அண்ணன், பெயர் மாறியதைச் சொல்லாமல். ஒத்துப்போகாத பெயரோடு அவர் உள்ளே விட்ட ஒரே சரக்கு அதுதான்.