எதிர்க் கதிரை

தன்னுடைய கதிரையை அல்ல, மேசைக்கு எதிரே கிடக்கும் கதிரையைத்தான் வரதராசா முதலில் துடைப்பார். காற்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து உதறுவார். சாய்வு, கைப்பிடி, இருக்கை என்று மேலிருந்து இறங்கி வருவார். கடைசியில் குனிந்து, கால்களுக்கு நடுவே ஓடும் சட்டத்தையும் ஓர் இழுப்பு இழுப்பார். பிறகு அதே லேஞ்சியால் முகத்தையும் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் அமர்வார். அந்த இடத்தில் தூசி அப்படியே இருக்கும்.

"என்ன சேர், கதிர மின்னுது. இன்டைக்கி மாப்புள வீட்டாக்கள் வாராங்களா?" என்று கேட்பார் ஸக்கியா. கெலிஓயாவிலிருந்து வரும் தட்டச்சாளர்.

"வருவினம், வருவினம். நீர் உம்மட வேலையைப் பாரும்."

"பொண்ணு பாக்கிறாங்க, தின்னுட்டுப் போறாங்க. ஒருத்தரும் கட்டுறாங்கல்லயே."

மாப்பிள்ளை வீட்டார் என்று ஸக்கியா சொல்வது கொழும்புக் கம்பனிக்காரரை. கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரின் பென்சன் பிரிவு எங்களுடையது. அதைக் கணினிமயமாக்கவென்று ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பனிகள் வந்தன. ஒன்று இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கியபோது எங்கள் மாடிக்கு மின்கம்பியே இழுத்திருக்கவில்லை. இன்னொன்று ஒப்பந்தம் முடிந்ததும் கடவுச்சொல்லோடு போய்விட்டது. அதைக் கேட்டால், சொல்வதற்கு இன்னோர் ஒப்பந்தம் வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் கொடுத்த காசில் பக்கத்தில் ஒரு புதுக் கட்டடமே எழும்பியிருக்கும்.

வருகிற கம்பனி எல்லாம் தொடங்குவது ஒரே மாதிரித்தான். கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர் மடிக்கணினியோடு அந்த எதிர்க் கதிரையில் வந்து அமர்வார். இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று வரதராசாவிடம் கேட்பார். வரதராசா சொல்வார். இளைஞர் அதைத் தட்டிக்கொள்வார். வாரக்கணக்கில் இது நடக்கும். ஒரு மாதம் கழித்து வரதராசா சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில், பளபளப்பான அட்டையோடு, பணிப்பாளரின் மேசைக்கு வரும். ஒரு கம்பனியின் அறிக்கையில், மழை பெய்தால் எங்கள் பிரிவில் வாளி வைக்கும் இடங்கள்கூடப் படமாக இருந்தது. அதை மட்டும் வரதராசா எல்லாருக்கும் காட்டினார்.

இவ்வளவுக்குப் பிறகும் பென்சன் போவது வரதராசா முன்பொரு காலத்தில் தானே எழுதிய கணினி நிரலில்தான். அது ஓடுவது மஞ்சள் பாரித்த ஒரு பழைய பெட்டியில். அது அழகானதும் இல்லை, ஒழுங்கானதும் இல்லை. அவசரப்பட்டுத் தட்டினால் உறைந்துபோகும். அப்போது அவர் அதன் தலையில் மெல்லத் தட்டி, "எழும்பு ராசா, எழும்பு" என்பார்.

வரதராசா யாழ்ப்பாணத்துச் சங்கானை ஆள். மனைவி பத்மாதேவி தாயாருக்குச் சுகமில்லையென்று ஊருக்குப் போயிருந்தபோதுதான் சண்டை மறுபடி மூண்டு, முகமாலையில் தெற்கே வரும் பாதையைப் பூட்டினார்கள். அவர் திரும்பி வரக் கப்பலுக்குப் பதிந்துவிட்டு அங்கே இருக்கிறார். இவர் கடுகண்ணாவையில் ஓர் இரும்புக்கடைக்குப் பின்னால் அறை எடுத்து, பொலிசில் பதிந்துவிட்டு இங்கே இருக்கிறார். காலை ரயிலில் ஏறும்போது மூடிய வாயைக் கந்தோருக்கு வந்துதான் திறப்பார். நான் பேராதனையில் ஏறுகிறவன். என்னைக் கண்டாலும் புருவத்தை மட்டும் உயர்த்துவார். ஒரு நாள், கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள், அவருடைய தொலைபேசி அடித்தது. திரையில் மனைவியின் பெயர். ரயில்பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் அதை நிறுத்திப் பைக்குள் வைத்தார்.

"ஹலோ எண்டாவது சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றேன், இறங்கிய பிறகு.

"எங்கட வாயில ஹலோவும் தமிழாத்தான் வரும், தம்பி" என்றார். அன்று முழுவதும் அவர் மனைவிக்குத் திருப்பி எடுத்துப் பார்த்தார். இணைப்புக் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் கம்பனி இளைஞரின் முன்னால் வேறு ஆளாகிவிடுவார். கைகளை விரிப்பார். விதவைக்கு எப்படிக் கணக்கு, பிள்ளைக்கு எத்தனை வயதுவரை என்று கதைபோலச் சொல்வார். இளைஞர் தலையை நிமிர்த்தாமல் "பிறகு?" என்று கேட்பார். அந்தச் சொல்லுக்கு வரதராசாவின் முகத்தில் விளக்கு எரியும்.

"அதுக்குப் பிறகு எண்டு கேக்கிற ஆக்கள் இப்ப எங்க இருக்கினம், தம்பி?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

இந்த வருடம் அரசாங்கம் பென்சன் கணக்கை மாற்றியது. பழைய பெட்டிக்குப் புதுக் கணக்குத் தெரியாது. சிலருக்குக் காசு நின்றுபோனது. அவர்களில் ஒருவர் மடுல்கெல்லயிலிருந்து வரும் பாப்பம்மா. தோட்டப் பாடசாலையில் காவலாளியாக இருந்து இறந்தவரின் மனைவி. விறாந்தைப் பக்க யன்னலுக்கு வெளியே நின்று, "இந்த மாசமும் இல்லீங்களாய்யா?" என்பார். இல்லையென்று சொன்னால், சரியென்று போய்விடுவார். பணிப்பாளர் இன்னொரு கம்பனிக்கு ஆயத்தம் செய்தார். வரதராசா புது லேஞ்சி வாங்கினார்.

அப்போதுதான் புதிதாக மாற்றலாகி வந்த கணக்காளர் பளீல், கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மேசையடியில் நின்றார்.

"ஒண்டு கேக்கவா, வரதராசா? இத நீங்களே மாத்தினா என்ன? ஏலாதா?"

வரதராசா பெட்டியின் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. திங்கக்கிழம கூட்டம் ஈக்கி."

அன்று மாலை ரயில் மேடையில், சுற்றிலும் ஆளில்லாத முனைக்கு என்னைக் கூட்டிப்போனார். "ஏலும்" என்றார், குரலைத் தாழ்த்தி. "எப்பவும் ஏலும். ஆனா அப்பிடிச் சொன்னா அந்தக் கம்பனிப் பெடியள் வரமாட்டாங்கள், என்ன?"

ரயில் வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

திங்கள் காலை பாப்பம்மா மறுபடியும் வந்திருந்தார். இல்லையென்று வரதராசாதான் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கமாகச் சரியென்று போகிறவர் அன்று போகாமல் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அடுத்த மாசம் வந்தா இருக்குங்களா? சொன்னீங்கன்னா கடைக்காரர்கிட்ட சொல்லிக்குவேன்." வரதராசா எழுந்து கூட்டத்துக்குப் போனார்.

பளீல் சொன்னது முடியுமா என்று பணிப்பாளர் சிங்களத்தில் கேட்டார். வரதராசா எழுந்து நின்று, "புளுவன், சேர்" என்றார். முடியும். போன தடவையும் முடிந்திருக்கும், அதற்கு முந்தியும். அப்படியென்றால் இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று பணிப்பாளர் கோபத்தோடு கேட்டார். ஒருவரும் கேட்கவில்லை, சேர் என்றார் வரதராசா. அது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்பது, அமர்ந்தபின் அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

பளீல் ஒப்பந்தத்தை நிறுத்தினார். வரதராசா பெட்டிக்குப் புதுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். காசு போகத் தொடங்கியது. யாரும் வரவில்லை. "மாப்புள வீட்டாக்கள் வேண்டாமுன்டு சொல்லிட்டீங்களே, சேர்" என்று ஸக்கியா ஒரு தடவை சொன்னார். அவர் சிரிக்கவில்லை என்பதால் பிறகு சொல்லவில்லை. கதிரை மட்டும் ஒவ்வொரு காலையும் துடைபட்டது.

போன வாரம் பாப்பம்மா கையொப்பம் வைக்க வந்தார். வரதராசா அவரை யன்னலில் நிற்க விடாமல் உள்ளே கூப்பிட்டார்.

"இருங்கோ, அம்மா."

"பரவால்லீங்கய்யா, நின்னுக்கிறேன்."

"இல்லை, இருங்கோ. காசு கிடைச்சதே?"

"கெடைச்சுதுங்க. நல்லா இருப்பீங்க."

"மடுல்கெல்லயில இருந்து எப்பிடி வந்தனீங்கள்?"

"பஸ்ஸுலதாங்க."

"அதுக்குப் பிறகு?"

பாப்பம்மா என்னைப் பார்த்தார், ஏதும் தப்பாகச் சொல்லிவிட்டேனா என்பதுபோல.

"அதுக்கப்புறம் என்னாங்க, இங்கதான் வந்தேன்." சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டார். "இந்த பஸ்ஸ விட்டா, அடுத்தத செக்கிங்ல நிப்பாட்டிருவாங்கய்யா. பேரப் புள்ளைக தனியா கெடக்கும். வாரேங்க."

அவர் படியிறங்கும் சத்தம் முடியும்வரை வரதராசா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேஞ்சியை எடுத்து உதறி, யாரும் உட்காராத அந்தக் கதிரையைச் சாய்விலிருந்து மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.