பல் டொக்டரிடம் போன கயிறு

பேசாலை யாகப்பர் ஒருவரையும் நம்பமாட்டார். மீன் வாங்கும்போது எல்லாரும்தான் செவுளைத் திறந்து பார்ப்பார்கள். இவர் காசைக் கொடுத்த பிறகும் ஒருதரம் திறந்து பார்ப்பார். பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்தால், செருப்பு தன்னுடையதுதானா என்று திருப்பிப் பார்த்துத்தான் காலில் போடுவார். இருபது வருசமாகச் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கு முங்குகிற மனுசன். காற்றைத் தானே அளந்து, மூச்செடுக்க வாயில் கடிக்கிற றப்பரைத் தானே கழுவாமல் தண்ணீரில் கால் வைக்கமாட்டார். அந்தச் சந்தேகம்தான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது என்று பெண்சாதி செலீனாவே சொல்லுவாள். அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தால் மனுசர் எப்படி இருக்கிறது என்றும் அவளே கேட்பாள்.

அவர் நம்பிய ஒரே ஆள் செலீனாவின் தம்பி செபமாலை. முங்குகிறவனின் கயிறு பெண்சாதியின் சகோதரன் கையில் இருக்கவேண்டும் என்பது பழைய ஆட்களின் வழக்கம். தன் அக்காள் தாலியறுக்க எவன் விடுவான்? மற்றவர்கள் மேலே வரும் குமிழியைப் பார்த்தே தொழில் செய்த காலத்திலும் யாகப்பர் இடக்கை மணிக்கட்டில் கயிறு கட்டித்தான் இறங்குவார். இரண்டு இழுப்பு இழுத்தால், தூக்கு என்று அர்த்தம். பன்னிரண்டு வருசமாக செபமாலை ஒரு இழுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

அந்த நம்பிக்கையும் ஒரு பங்குனி மாதம் போய்விட்டது. அன்றைக்குக் கடலின் அடியில் நின்றபோது வலப்பக்கத்துக் கடவாய்ப்பல் திடீரென்று வெடித்ததுபோல் நொந்தது. கண் இருண்டது. யாகப்பர் இரண்டு தரம் இழுத்தார். கயிறு சும்மா கிடந்தது. திரும்பவும் இழுத்தார். ஒரு அசுமாத்தமும் இல்லை. பிறகு எப்படியோ தானாகவே மேலே வந்து படகைப் பிடித்தால், செபமாலை பல்லைக் காட்டிக்கொண்டு, “என்ன அத்தான், இண்டைக்கு வெள்ளன வந்திட்டியள்?” என்று கேட்கிறான்!

“நாலு தரம் இழுத்தன். உனக்குத் தெரியேல்லையோ?”

“நீங்கள் இழுக்கேல்லையே அத்தான்.”

அதோடு பேச்சு நின்றது. யாகப்பர் வீட்டில் குந்தியிருந்து பழையதெல்லாம் கிண்டினார். போன நத்தார்ப் பண்டிகைக்குக் கொடுத்த கேக்கை செபமாலை வாயில் வைக்கவில்லை. ‘அப்பவே எனக்கு விளங்கியிருக்க வேணும்’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தன் படகின்மேல் அவனுக்குக் கண் இருக்கும் என்று நினைத்தார். அவனுக்குச் சொந்தப் படகு இருப்பது ஞாபகம் வந்ததும் வேறு காரணம் தேடினார். அதுக்குள்ளே செபமாலையின் மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள், வந்தது. செலீனா மாமி முறைக்கு வாங்கின வெள்ளைச் சட்டையை இவர் கொடுக்க விடவில்லை; அது அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. “என்ர தம்பியைக் கொலைகாரன் எண்டிறியளே, உங்களுக்கு நெஞ்சு இருக்கோ?” என்று அவள் அழுதாள். இவர் அசையவில்லை.

பல்லும் விடவில்லை. பிடுங்கிவிட்டால் கரைச்சல் தீரும். ஆனால் இடப்பக்கம் ஏற்கெனவே மூன்று பல் இல்லை. இதுவும் போனால் றப்பரைக் கடித்துப் பிடிக்க ஏலாது, கடலை மறக்கவேண்டியதுதான். மன்னார் பட்டினத்துப் பல் டொக்டர், சின்ன வயதுப் பெண், பல்லைக் காப்பாற்றலாம், உள்ளே செத்துக்கொண்டிருக்கிற நரம்பை எடுத்து வேரைச் சுத்தம் செய்து அடைக்கவேண்டும், மூன்று தரம் வரவேண்டும் என்றாள். பிடுங்க ஒரு நாள், பிடுங்காமல் விட மூன்று நாளா? யாகப்பருக்கு அங்கேயே சந்தேகம். முதல் நாள் ஊசியைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“ஐயா, நொந்தால் கையைத் தூக்குங்கோ. உடன நிப்பாட்டுவன்.”

“நீங்கள் லைற் அடிச்சுப் பல்லைத்தானே பாக்கப்போறியள்? என்ர கையை ஆர் பாக்கிறது?”

“அப்ப அடுத்தமுறை உங்களுக்கு நம்பிக்கையான ஆள் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

வீட்டுக்கு வரும் வழியிலேயே யாகப்பர் கணக்குப் போட்டுவிட்டார். “உன்ர தம்பியை வரச் சொல்லு. கடல் கயித்தையும் கொண்டுவரட்டும்” என்றார். செலீனாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சமாதானம் வந்துவிட்டது என்று நினைத்து அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். பாவம், மனுசன் தன் தம்பிக்குப் பொறி வைக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“கயிறென்ன, நங்கூரம் வேணுமெண்டாலும் கொண்டுவாங்கோ. வாயை மட்டும் திறவுங்கோ” என்றாள் டொக்டர், அடுத்தமுறை அவர்களைக் கண்டதும். செபமாலை வாசலில் ஒரு முக்காலியில் இருந்து, படகில் பிடிப்பதுபோலவே இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தான். மறுநுனி யாகப்பரின் இடக்கையில். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளைத் தையல் நூலை எடுத்து, அதே மணிக்கட்டைக் கதிரைக் கைப்பிடியின் முன்நுனியோடு தானே முடிச்சுப் போட்டுக் கட்டினார். கையைத் தன் பக்கம் இழுத்தால் நூல் அறுந்துவிடும். உதவிக்கு நின்ற பிரான்சிஸ்காவின் காதுக்குள், “பிள்ளை, நூல் அறுந்த உடன அவன் என்ன செய்யிறான் எண்டு பாருங்கோ. நீங்கள்தான் சாட்சி” என்றார்.

ஊசி போட்டு, வாய் விறைத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. டொக்டர் ஊசிபோன்ற ஒரு சின்ன அரத்தை வேருக்குள் விட்டாள். ஐயோ! கடலின் அடியில் வந்த அதே நோ. யாகப்பர் தன் பலமெல்லாம் கூட்டி இரண்டு தரம் இழுத்தார். ஒருவரும் அசையவில்லை. திரும்பவும் இழுத்தார். கடைசியில் காலை உதறினார். டொக்டர் சட்டென்று கையை எடுத்தாள்.

“பாத்தியளோ!” படுத்தபடியே வலக்கையை வாசலுக்கு நீட்டிக் குழறினார். “நாலு தரம் இழுத்தன்! இருக்கிறான் பாருங்கோ, கல்லு மாதிரி!”

“அத்தான், நான் கயித்திலயிருந்து கண்ணெடுக்கேல்லை” என்றான் செபமாலை.

“அண்ணை, நூல் அறேல்லை” என்றாள் பிரான்சிஸ்கா.

இவளும் கூட்டோ? யாகப்பர் குனிந்து பார்த்தார். நூல் அப்படியே இருந்தது. முடிச்சு அவருடைய முடிச்சு. கை கைப்பிடியோடு ஒட்டினதுபோல இறுகி, நகம் உள்ளங்கைக்குள் ஏறி இரத்தம் கசிந்திருந்தது. விரலை விரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிரான்சிஸ்காதான் ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள்.

“சில பேருக்கு நோவில கை விறைச்சுப்போகும் ஐயா” என்றாள் டொக்டர்.

“கடலுக்குள்ளயுமோ?”

“கடல் எனக்குத் தெரியாது ஐயா.”

யாகப்பருக்குத் தெரிந்தது. முதல் நன்மைக்குப் போகாத அந்தச் சட்டை கண்முன்னால் வந்து நின்றது. வெட்கத்தில் செபமாலையைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

செபமாலை ஒன்றும் குத்திக் காட்டவில்லை. திரும்ப முக்காலியில் இருந்தான். “அத்தான், இனி நான் உங்கட இழுப்பைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டன். இடைக்கிடை நான்தான் இழுப்பன். நீங்கள் திருப்பி இழுத்து மறுமொழி சொல்லவேணும். வராட்டித் தூக்குவன். கடலிலயும் இனி இப்பிடித்தான்.”

கடலிலும் என்றான். யாகப்பர் வாயைத் திறந்தார். டொக்டர் இன்னொரு ஊசி போட்டு, பொறுத்திருந்து, திரும்பவும் அரத்தை உள்ளே விட்டாள். நோ வருமுன்னமே பயம் வந்துவிட்டது. விரல்கள் மடங்கத் தொடங்கின. அப்போது வாசல் பக்கமிருந்து கயிறு மெல்ல ஒருதரம் இழுபட்டது.

யாகப்பர் கையை இழுத்தார். நூல் அறுந்து நிலத்தில் விழுந்தது.

“அத்தான் இருக்கிறார்” என்றான் செபமாலை. “நீங்கள் செய்யுங்கோ டொக்டர்.”