இல்மாரியின் கண்ணில் பட்ட இரும்பு

லீக்ஸா ஊர் மர அறுவை ஆலையில், மரத்தடிகளை அறுப்பதற்கு முன் எக்ஸ்ரேயில் உள்ளே பார்த்துவிடுவார்கள். நிழல்களிலிருந்து தடியின் உட்புறத்தைப் படமாக்கும் நிரல் இல்மாரி எழுதியது. சுற்றிலும் எடுத்த ஒவ்வொரு நிழலையும் கூர்மையாக்கி, கதிர் வந்த வழியே திருப்பிப் பூசி, எல்லாவற்றையும் கூட்டுவது அவர் முறை. கல்யாணமான வருஷம் எழுதினார். மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டாள்; நிரல் போகவில்லை.

அப்புறம் வென்லா வேலைக்கு வந்தாள். அவள் உத்தேசமாக ஒரு படத்தை வைத்துக்கொள்வாள். அதற்கு என்ன நிழல் விழும் என்று கணக்கிட்டு, எக்ஸ்ரே நிழலோடு ஒப்பிட்டு, பிசகு அடங்கும்வரை படத்தைத் திருத்திக்கொண்டே இருப்பாள். சில பக்கங்களிலிருந்து எடுத்த நிழலே போதும், தடி வேகமாக ஓடலாம். முதலாளிக்கு வாயெல்லாம் பல். இல்மாரிக்கு வயிறு எரிந்தது. அவள் சுட்டுக் கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டியைக்கூட அவர் தொடவில்லை.

எந்த நிரலை வைத்துக்கொள்வது என்பதை ஒரு தடியை அறுத்தே முடிவு செய்வதென்றானது. இருவருக்கும் அதே சில நிழல்கள்தான். அறுத்த பிறகே படங்களைக் காட்ட வேண்டும் என்று பேச்சு. ஆனால் இல்மாரி அவள் திரையை எட்டிப் பார்த்துவிட்டார். பளிச்சென்று மூன்று கணுக்கள். அவருடைய படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதிலிருந்து நாலாபக்கமும் கோடுகள். அவர் மனம் துள்ளியது. போர்க்காலக் குண்டுச் சில்லுகள் அந்தக் காட்டு மரங்களில் இன்னும் புதைந்திருக்கின்றன. இரும்பு இருந்தால் கோடு இப்படித்தான் தெறிக்கும். இவள் முறை அதைத் தூசியென்று துடைத்துவிட்டது. அறுக்கிற வாள் இரும்பில் மோதட்டும், வாளின் பல் தெறிக்கட்டும், அவள் மானம் கப்பலேறட்டும். அவர் வாயைத் திறக்கவில்லை.

"என்ன இல்மாரி, முகம் பூத்துக் கெடக்கு? லாட்டரி கிட்டரி விழுந்துதா?" என்றார் வாள் ஓட்டும் தௌனோ.

"காப்பி நல்லாருந்துது."

வென்லா தௌனோவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இல்மாரி தள்ளிப்போய்த் தூணுக்குப் பின்னால் நின்றார்.

வாள் எதிலும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. மூன்று கணுக்கள்தான், ஒன்று பிசின் ஏறிக் கல்லாய் இறுகியிருந்தது. நிழல்கள் போதாதபோது கெட்டிக் கணுவைச் சுற்றியும் தன் முறையில் கோடு தெறிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். பொறாமையில் அது நினைவுக்கே வரவில்லை.

படங்களை மேசையில் பரப்பினார்கள். தௌனோ இல்மாரியின் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"குண்டுச் சில்லுன்னு நெனச்சியா?"

தௌனோ திரும்பித் தூணைப் பார்த்தார். வென்லாவும் பார்த்தாள்.

"அதான் நீ மட்டும் அங்க போய் நின்னியா," என்றார் தௌனோ, "என்னையும் இந்தப் பொண்ணையும் வாளுக்கு முன்னாடி விட்டுட்டு?"